நால்வர் சுமந்த கட்டில்

நேர்ச்சை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மக்களின் நினைவுக்கு வருபவை மொட்டை, மெழுகுதிரி, வெள்ளியில் செய்த கை கால் உருவங்கள், கொஞ்சம் வசதி வந்துவிட்டால் ஒரு கெபி. இவற்றைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆயினும் சென்ற நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் ஒருவர் செய்த நேர்ச்சையைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

டேனி தாமஸ் என்பது அவர் பெயர். லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த மரோனைட் கத்தோலிக்கர். மேடை நகைச்சுவை அவருடைய பிழைப்பு. போதிய வருமானமின்றி டெட்ராய்ட் நகரில் தவித்த நாட்களில், நாம் வியாழன்தோறும் நவநாள் செய்யும் அதே புனித யூதா ததேயுவிடம் மன்றாடி, வாழ்க்கைக்கு ஒரு வழி காட்டினால் அவருக்கு ஒரு திருத்தலம் எழுப்புவதாக வாக்களித்தார். வழி திறந்தது, புகழும் பொருளும் வந்தன. வாக்கை எப்படி நிறைவேற்றுவது என்று அவர் சிகாகோ பேராயராயிருந்த கர்தினால் ஸ்ட்ரிட்ச் அவர்களிடம் கலந்து பேச, கர்தினால் தமது சொந்த மாநிலமான டென்னசியின் மெம்பிஸ் நகரைச் சுட்டிக்காட்டினார். 1962 பிப்ரவரி 4ஆம் நாள் அங்கே குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. திருத்தலம் என்று டேனி தாமஸ் சொன்னது அதைத்தான். கறுப்பினக் குழந்தையை வெள்ளைக் குழந்தையின் அருகில் படுக்க வைக்கத் தயங்கிய அந்தத் தென்பகுதியில் அது நிறம் பார்க்கவில்லை. சிகிச்சைக்கு வரும் குடும்பத்திடம் கட்டணச் சீட்டு நீட்டும் வழக்கமும் அங்கே இன்றுவரை இல்லை.

அம்மருத்துவமனை திறந்த காலத்தில், பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோயில் நூற்றுக்கு நான்கு பேரே பிழைத்தனர். இன்று அந்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் பிழைக்கிறார்கள். இடையில் ஏதோ ஓர் அற்புத மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றே பலரும் எண்ணுகின்றனர். மருந்துகள் வந்தது உண்மைதான். 1947இல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்குப் புதிய மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். அவற்றுள் அமினோப்டெரின் என்ற மருந்தின் பயனை 1948இல் உலகுக்கு அறிவித்தார். அதை உருவாக்கிய லெடர்லி ஆய்வுக்கூடக் குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். 1895இல் பீமாவரத்தில் பிறந்து, நம் சென்னையில் மருத்துவம் பயின்றவர். (கதராடை உடுத்தியதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, உரிய பட்டம் மறுக்கப்பட்டு வெளியேறியவர் அவர். நம் பாடநூல்கள் அவரை ஏன் மறந்தன என்பது தனிக்கதை.) ஆனால் அம்மருந்தை உண்ட பிள்ளைகள் சில வாரங்களோ சில மாதங்களோ எழுந்து விளையாடினார்கள், பின்னர் நோய் திரும்பியது, இறந்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் வந்த வேறு பல மருந்துகளின் கதையும் அதுவே.

மெம்பிஸ் மருத்துவமனையின் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கல் அம்மருந்துகளை ஒன்றுசேர்த்தார். எந்த வாரத்தில் எது, எவ்வளவு, மூளையைச் சுற்றி ஒளிந்திருக்கும் நோயணுக்களை எப்படி அழிப்பது, பார்வைக்கு முற்றிலும் நலமடைந்துவிட்ட பிள்ளைக்கு ஏன் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் மருந்து தரவேண்டும் என்றெல்லாம் ஓர் ஒழுங்கை வகுத்தார். 1960களின் இறுதியில் அம்முறைப்படி நடத்தப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைத்தனர். மருந்துகள் முன்பே இருந்தவை. புதிதாய் வந்தது ஒழுங்கு.

நம் மாநிலத்துக்கு இது அயல்நாட்டுச் செய்தியாக இருந்த காலமும் முடிந்துவிட்டது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது; 1960இலேயே அங்கே குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டது. 1955இல் அங்கே பணியில் சேர்ந்து, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்நிலையமே வாழ்வென்றிருந்த டாக்டர் வி. சாந்தாவை, வார்த்தைப்பாடு கொடுக்காத துறவி என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு. 1984இல் அடையாறு, மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை, டெல்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் ஆகிய மூன்றும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு கலந்து, இரத்தப் புற்றுக்கு ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. அதற்கு முன் ஐந்தில் ஒரு பிள்ளைகூடத் தேறாத நிலை. அதன்பின் பாதியளவு பிள்ளைகள் தேறினார்கள்.

இவ்வளவும் நடந்த அடையாறு, காவிரியின் கடைமடையில் உள்ள நம் பங்கிலிருந்து ஓரிரவுப் பயணம். அந்த ஓரிரவைக் கடக்க முடியாமல் இறந்த ஒரு சிறுவனைப் பற்றி இனிச் சொல்கிறோம்.

நாம் இப்பங்கின் பொறுப்பை ஏற்றபோது அவனுக்கு ஒன்பது வயது. நோய் இரண்டாம் முறையாகத் திரும்பிவந்து சில நாட்கள் ஆகியிருந்தன. முன்பு பீடச்சிறுவனாக இருந்தவன். தந்தை விவசாயக் கூலி. முதல்முறை காய்ச்சல் கண்டபோது மருந்துக்கடையில் மாத்திரை, பக்கத்து ஊரில் ஊசி என்று இரண்டு மாதங்கள் கழிந்தன. பிறகு மாவட்டத் தலைநகர் மருத்துவமனை, அங்கிருந்து சென்னை. முதல் மாதத்திலேயே நோய் பின்வாங்கியது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் மருந்துச் செலவு அடங்கியது. அறை வாடகை, உணவு, இழந்த கூலி, பாட்டியிடம் விட்டுவந்த கைக்குழந்தை ஆகியவை எந்தத் திட்டத்திலும் அடங்கவில்லை. ஏழாம் மாதத்தில் பையன் ஓடியாடத் தொடங்கினான்; முடி முளைத்தது; ஊரில் அறுவடையும் தொடங்கியது. இரண்டரை ஆண்டுகள் தொடர வேண்டிய சிகிச்சை அங்கேயே நின்றது.

அடக்கம் முடிந்த சில வாரங்களுக்குப் பின் அந்தத் தந்தை நம்மிடம் இதைச் சொன்னார்: "காய்ச்சல் விட்டுப்போச்சு சாமி. பையன் நல்லாத்தான் இருந்தான். வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டோம். மாதா பாத்துக்குவான்னு நினைச்சோம். மெட்ராஸ்ல தங்கினா ஒரு நாளைக்கு ஆகுற செலவு எனக்கு ரெண்டு நாள் கூலி சாமி."

இதைக் கேட்கும் படித்தவர்கள் சிலர் உடனே அவருடைய அறியாமையைப் பழிக்கிறார்கள். இன்னும் சிலர் நேர்ச்சையைப் பழிக்கிறார்கள். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. அவர் கணக்குத் தெரியாதவர் அல்லர். அவருடைய கணக்கு மிகச் சரியாகவே இருந்தது. வேளாங்கண்ணி அவர் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்தது, சென்னை இல்லை. நான்கு வாரங்களோ அதற்கு மேலோ தொடர்ந்து சிகிச்சைக்கு வராவிட்டால் அதைக் கைவிடப்பட்ட சிகிச்சை என்று மருத்துவ உலகம் பதிவு செய்கிறது. கைவிட்டவர் யார் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது.

உலகில் ஆண்டுதோறும் 19 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குப் புற்றுநோய் வருவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. செல்வ நாடுகளில் அவர்களுள் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் முப்பது பேர்கூட இல்லை. 2030க்குள் உலகெங்கும் அறுபது பேராவது பிழைக்க வேண்டும் என்று அந்நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. முப்பதுக்கும் எண்பதுக்கும் இடையே மடிகிற பிள்ளைகளுக்கு வேண்டிய மருந்துகளுள் பெரும்பாலானவை பழையவை, புதிதாய்க் கண்டுபிடிக்க வேண்டியவையல்ல. காலத்தில் நோயறிதல், மருந்து தடையின்றிக் கிடைத்தல், தங்க ஓர் இடம், வராத பிள்ளையைத் தேடிப்போக ஓர் ஆள் இவையே அங்கே குறைவுபடுகின்றன.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் முடக்குவாதக்காரனை நால்வர் கட்டிலோடு சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் உள்ளே நுழைய இயலாமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அங்கே ஆண்டவர் பார்த்தது நோயாளியின் விசுவாசத்தை மட்டும் அன்று, சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை. குருமடத்தில் விவிலியப் பேராசிரியர் ஒருவர் இந்தக் கூரையைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினார்: மாற்கு காட்டும் கூரை தோண்டிப் பிரிக்கத்தக்க பாலஸ்தீன மண்கூரை, லூக்காவின் கூரையோ ஓடு வேய்ந்தது, எனவே லூக்கா நகரத்தார்க்கு எழுதினார் என்று. அந்தக் கூரையைப் பின்பு யார் செப்பனிட்டார், செலவு யாருடையது என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார். வகுப்பு சிரித்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அதுவே நல்ல கேள்வி என்று படுகிறது. நால்வரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாமல் கட்டிலின் நான்கு மூலைகளையும் கயிற்றில் ஒரே சமமாக இறக்கியிருக்க முடியாது.

2005இல் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளுக்கென, குழந்தைகள், இளையோர் ஆகியோரின் புற்றுநோய்ச் சேவை எவ்வாறு அமைய வேண்டும் என்று ஒரு நீண்ட வழிகாட்டி வெளியிடப்பட்டது. மருத்துவ நண்பர் ஒருவர் தந்து அதைப் படித்தோம். திருஅவைச் சட்டத் தொகுப்பைப் போலவே உலர்ந்த நடை. எனினும் உள்ளே இருக்கும் அமைப்பு நமக்கு முன்பே பழக்கமானதாகத் தோன்றியது. நோயை உறுதி செய்வதும், சிகிச்சையை வகுப்பதும், கடினமான பகுதியை நடத்துவதும் ஒரு பெரிய மையத்தின் பொறுப்பு. இரத்தப் பரிசோதனை, எளிய மருந்துகள், திடீர்க் காய்ச்சல் இவற்றை வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனை, பெரிய மையத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, அதன் முறைப்படியே கவனிக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்னார் என்று பெயர் குறித்த ஒருவர் இருப்பார். எந்தச் சந்தேகத்துக்கும் அவரையே அழைக்கலாம். மறைமாவட்டம், பங்கு, கிளைக்கிராமம், அங்கே ஓர் உபதேசியார் என்று நம் முன்னோர் வகுத்தது இதைத்தானே! ஆயரில்லத்தில்தான் திருமுழுக்கு நடக்கும் என்று நாம் சொல்லியிருந்தால் இக்கடைமடையில் எத்தனை பேர் கிறிஸ்தவராகியிருப்பார்கள்?

அருகிலுள்ள மருத்துவமனை என்பது வசதிக்காகச் சொல்லப்படுவதன்று. இம்மருந்துகள் நோயணுக்களோடு இரத்தத்தின் வெள்ளணுக்களையும் குறைத்துவிடுகின்றன. அந்நிலையிலுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சில மணி நேரத்துக்குள் நரம்புவழி மருந்து ஏற வேண்டும். சென்னைக்குப் பேருந்து ஏறி வாருங்கள் என்று சொல்ல அங்கே நேரம் கிடையாது. சிகிச்சை அட்டையைப் பார்த்தவுடன் ஆபத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் மாவட்ட மருத்துவமனையில் எந்நேரமும் இருந்தாக வேண்டும்.

இத்தகைய ஏற்பாடுகள் நம் நாட்டில் இயலாதவை என்பதும் சரியன்று. மும்பை டாட்டா மருத்துவமனையில் 2009ஆம் ஆண்டளவில் ஐந்தில் ஒரு பிள்ளையின் சிகிச்சை பாதியில் நின்றுகொண்டிருந்தது. பணஉதவி, உணவு, தங்குமிடம், சமூகப் பணியாளர்கள், வராதவர்களைத் தொலைபேசியில் தேடுதல் எல்லாவற்றையும் ஒரே குடைக்கீழ் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் அது ஏறத்தாழ இருபதில் ஒன்றாகக் குறைந்தது. அதே மும்பையில் 2006இல், நம் புனித யூதாவின் பெயரையே தாங்கி, சிகிச்சைக்கு வரும் குழந்தையும் பெற்றோரும் கட்டணமின்றித் தங்கும் இல்லங்கள் தொடங்கப்பட்டன. இன்று சென்னை உட்படப் பல நகரங்களில் அவை உள்ளன. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, பொதுவான சமையலறையில் தனி அடுப்பு. கடைமடையிலிருந்து போகும் ஒரு தாய்க்கு அந்த அடுப்பின் அருமை தெரியும்.

நோய் காலத்தில் கண்டறியப்படாதது இன்னொரு துயரம். பிள்ளைகளின் புற்றுநோயை முன்கூட்டிய பொதுச் சோதனைகளால் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இயலாது. அருகிலிருப்பவர் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடாத காய்ச்சல், காரணமற்ற வெளிறல், அடிபடாமலே தோன்றும் கன்றல், கழுத்தில் வலியற்ற கட்டி, குளிப்பாட்டும்போது வயிற்றில் தட்டுப்படும் கட்டி, காலையில் தலைவலியோடு வாந்தி. சின்னஞ்சிறு குழந்தையின் விழித்திரையில் வரும் புற்றைப் புகைப்படமே சில நேரங்களில் காட்டிக்கொடுத்துவிடுகிறது: வெளிச்சம் பாய்ச்சி எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவந்தும் மற்றொன்று வெளுத்தும் தெரியும். பூனைக்கண் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். திருமுழுக்கு விழாப் படங்களை நம்மிடம் காட்ட வருகிறவர்களின் கைப்பேசியில் இப்போதெல்லாம் நாம் முதலில் பார்ப்பது குழந்தையின் கண்களை. காலத்தில் பிடித்தால் பெரும்பாலும் உயிரும், பல வேளைகளில் பார்வையும் தப்பும்.

கண்ணேறு, சாபம், பெற்றோரின் பாவம் என்று பேசுவோர் நம் அன்பியங்களிலும் உண்டு. பிறவிக் குருடனைக் கண்டு யார் செய்த பாவம் என்று கேட்ட சீடர்களுக்கு ஆண்டவர் என்ன விடை கொடுத்தார் என்பதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் அவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

இளையோரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாயீரின் மகளுக்கு வயது பன்னிரண்டு என்று நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் குழந்தைகள் பிரிவு முடிவதும் அந்த வயதில்தான். அதற்கு மேற்பட்ட சிறுவன் முதியோர் இருமும் ஆண்கள் பகுதிக்குப் போகிறான். இது இட வசதி பற்றிய சிக்கல் மட்டுமன்று. ஒரே வயதுடைய, ஒரே இரத்தப் புற்றுற்ற இளையோருள், குழந்தைகளுக்கான முறைப்படி நடத்தப்பட்டவர்கள் பெரியவர்களுக்கான முறைப்படி நடத்தப்பட்டவர்களைவிடக் கூடுதலாகப் பிழைத்ததை அமெரிக்காவிலும் பிரான்சிலும் கண்டிருக்கிறார்கள். எந்தக் கதவு வழியாக அந்தப் பிள்ளை உள்ளே போனது என்பதைப் பொறுத்து அதன் வாழ்வு மாறியிருக்கிறது.

நம் பங்கில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இப்போது சிகிச்சையின் பதினான்காம் மாதத்தில் இருக்கிறாள். அவளுடைய தாய் நம்மிடம் முதலில் கேட்டது செபமோ பணமோ அன்று. "நாளைக்குக் கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு சாமி. பூசையில பேரு வாசிச்சுடாதீங்க" என்பதே. வாசிக்கவில்லை. பெயர் சொல்லாத விண்ணப்பமும் ஆண்டவருக்குப் புரியும். ஆனால் தலைமுடி உதிர்ந்த பெண் பள்ளிக்குப் போனபோது, தொற்றிக்கொள்ளும் என்று அஞ்சி அவளைத் தனி இருக்கையில் அமர்த்தினார்கள். புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. கூட்டத்தின் சளியும் காய்ச்சலும் அவளைத் தொற்றாமல் பார்த்துக்கொள்வதே தேவை. பத்தாம் வகுப்புத் தேர்வு, திரும்ப முளைக்கும் முடி, பின்னாளில் தாய்மை வாய்க்குமா என்று அவள் யாரிடமும் கேட்காத கேள்வி என எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். யாயீரின் மகளை எழுப்பிய ஆண்டவர் உடனே அவளுக்கு உணவு கொடுக்கச் சொன்னார். எழுந்தவளுக்குப் பசிக்கும் என்பது அந்த அறையில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

பிழைக்க மாட்டாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய வலிக்கு வாய்வழி மார்பின் மலிவான மருந்து. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் அது மருத்துவமனைகளில் அரிதாகி, 2014இல் சட்டம் திருத்தப்பட்டபின் வழி சற்று இலகுவாயிற்று. ஆயினும் சிறிய ஊர்களில் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. நாம் முன்னர்ச் சொன்ன சிறுவனின் கடைசி மூன்று வாரங்களில், முப்பது மைல் தொலைவிலிருந்த ஒரு மருத்துவமனையிலிருந்து வின்சென்ட் தே பவுல் சபைத் தலைவர் தம் இருசக்கர வண்டியில் அதை வாங்கிவந்தார். நோயில்பூசுதல் கொடுத்த அன்று அவன் வலியின்றிப் பேசினான். மணி அடிக்க இப்போது யார் நிற்கிறார்கள் என்று கேட்டான்.

சென்ற ஆண்டு, குவைத்தில் வேலைபார்க்கும் நம் பங்கின் இளைஞர் ஒருவர், புனித யூதா ததேயுவுக்குக் கெபி கட்ட 3 லட்சம் ரூபாய் தர முன்வந்தார். பங்குப் பேரவையில் இரண்டு கூட்டங்கள் காரசாரமாக நடந்தன. பாதிப் பணத்தைச் சிகிச்சைக்குச் செல்லும் பிள்ளைகளின் பயணத்துக்கும் உணவுக்கும் ஒதுக்கலாம் என்றார் சபைத் தலைவர். நேர்ச்சைப் பணத்தைத் திசைதிருப்புவது பாவம் என்றார் இன்னொருவர். நாம் டேனி தாமஸின் கதையைச் சொன்னோம். "அது அமெரிக்கா சாமி" என்று எழுந்த குரலுக்கும் ஆதரவு இருந்தது. இறுதியில் நேர்ச்சை செய்தவரையே தொலைபேசியில் கேட்டோம். கெபி வேண்டும், சிறியதாக இருந்தால் போதும் என்றார் அவர். கெபி எழும்பிவிட்டது. மீதி 1 லட்சத்து 40 ஆயிரம் வங்கியில் தனிக் கணக்கில் இருக்கிறது. புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டென்பதே ஊரில் பலருக்குத் தெரியாமல் இருந்தது. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டு வாங்கும் பொறுப்பை அருட்சகோதரி ஒருவர் ஏற்றுக்கொண்டார். சிகிச்சை நாட்களைக் குறித்துவைக்க ஒரு நோட்டு, குழந்தை வராத வாரத்தில் வீட்டுக்குப் போய்ப் பார்க்க மூன்று பேர்.

அந்தப் பெண்ணுக்கு முதுகுத்தண்டில் போடவேண்டிய அடுத்த ஊசி இம்மாதம் 21ஆம் நாள். இரவு வண்டியில் அவளுக்கும் தாய்க்கும் சீட்டு எடுத்தாயிற்று. அறுவடை நேரம் என்பதால் தந்தை போக இயலாது. அவர்களோடு செல்ல இன்னும் ஒருவர் வேண்டும். மரியாயின் சேனைத் தலைவி ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.